எஞ்சின் போய் மோட்டார் வந்தால்: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கணக்கு

போன தீபாவளிக்கு மறுநாள் இங்கிலாந்திலிருந்து என் தங்கை மகன் தொலைபேசியில் பேசினான். கோவன்ட்ரியில் வேலை பார்க்கிறான். நலம் விசாரித்து முடித்ததும், "மாமா, ஒரு பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். 1971ஆம் வருஷத்து வண்டி. எஞ்சின் ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. அதைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். வீட்டு ஷெட்டில் நானே செய்யப் போகிறேன். நீங்கள் முப்பத்தைந்து வருஷம் மோட்டார்களோடு குடித்தனம் நடத்தியவர் ஆயிற்றே, என்ன சொல்கிறீர்கள்?" என்றான்.

"ஒரு வாரம் அவகாசம் கொடு. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அப்படிப் போட்ட கணக்கைத்தான் நம் இதழின் வாசக அன்பர்களுக்கும் இங்கே பாடமாகத் தருகிறேன். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். மாற்றலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை அந்தக் கணக்கிலிருந்தே வரும்.

நமக்குத் தெரிந்த உறவுக்கார எஞ்சின்

எம்.ஜி.பி. என்றால் ஏதோ அன்னிய தேசத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கொல்கத்தாவில் இருக்கும் நமக்கு அது நெருங்கிய உறவு. ஹௌரா - பண்டேல் லோக்கலில் போகிறவர்களுக்கு ஹிந்த்மோட்டார் நிலையம் தெரியும். அங்கே உத்தர்பாராத் தொழிற்சாலையில் 2014ஆம் ஆண்டு வரை உருவான அம்பாஸிடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. எம்.ஜி.பி.யில் இருப்பதும் அதே 'பி' வரிசை எஞ்சின்தான். அளவு மட்டும் 1,798 சி.சி. நம் டாக்ஸிகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தக் கரகரப்பின் அண்ணன் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஜி.பி. 1962இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 1980 வரை தயாரித்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார். இரண்டு பேர் உட்காரலாம். மேல்கூரையை மடக்கிவிடலாம். எடை சுமார் 950 கிலோ. எஞ்சின் திறன் 95 குதிரைத்திறன், அதாவது 71 கிலோவாட். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களில் டிரம் பிரேக். பின்னால் பட்டை ஸ்பிரிங். தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரயில்வேயில் நடந்த மாற்றம்

எஞ்சினை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாற்றுவது நம் ரயில்வேக்குப் புதிதல்ல. வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் தொழிற்சாலையில் 2017 டிசம்பரில் தொடங்கி 2018 பிப்ரவரிக்குள் பழைய டீசல் எஞ்சின்களை மின்சார எஞ்சின்களாக மாற்றிக் காட்டினார்கள். 2,600 குதிரைத்திறன் கொண்டிருந்த வண்டி ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறன் பெற்றது. இரண்டை ஜோடி சேர்த்து 10,000 குதிரைத்திறன் எஞ்சினாக 2019 பிப்ரவரியில் கொடியசைத்து விட்டார்கள். சட்டம் அதே, சக்கரம் அதே. திறன் ஏறக்குறைய இருமடங்கு.

இதைப் படித்துவிட்டு, "ரயிலில் முடிந்தது காரில் முடியாதா?" என்று கேட்கத் தோன்றும். முடியும். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. முதலாவது, ரயில் எஞ்சின் மின்சாரத்தைத் தலைக்கு மேலே உள்ள கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார் தன் மின்சாரத்தைத் தானே சுமக்க வேண்டும். இரண்டாவது, ரயில் எஞ்சினுக்கு எடை நண்பன். எடை இருந்தால்தான் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் பிடித்து இழுக்கும். எடை போதாத எஞ்சினில் இரும்புக் கட்டிகளை வைத்து எடை கூட்டுவதும் உண்டு. காருக்கோ எடை எதிரி. அதுவும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பரம எதிரி. இத்தனை வருஷம் எடையைப் பற்றி நான் பழகிய பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது.

முதல் கணக்கு: எவ்வளவு திறன் வேண்டும்?

சமதரையில் சீரான வேகத்தில் போகும் காரை இரண்டு சக்திகள் தடுக்கின்றன. ஒன்று டயரின் உருளும் தடை. இது எடையில் ஏறக்குறைய நூற்றில் 1.2 பங்கு. ஓட்டுபவரையும் சேர்த்து 1,100 கிலோ என்றால் சுமார் 130 நியூட்டன். (இரும்புத் தண்டவாளத்தில் இது பத்தில் ஒரு பங்குதான். ரயிலின் பெருமையே அதில்தான் இருக்கிறது.) இன்னொன்று காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். இந்த அளவுள்ள திறந்த காருக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 200 நியூட்டன், 110 கிலோமீட்டரில் சுமார் 380 நியூட்டன் என்று கொள்ளலாம்.

ஆக, 80இல் மொத்தம் 330 நியூட்டன். அதை நொடிக்கு 22.2 மீட்டர் என்ற வேகத்தால் பெருக்கினால் 7.3 கிலோவாட். 110இல் 510 நியூட்டன், திறன் 15.6 கிலோவாட். 71 கிலோவாட் எஞ்சின் வைத்திருக்கும் கார், நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது செலவழிப்பது அதில் கால் பங்குகூட இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மீதித் திறன் வேகம் எடுப்பதற்கும் மேடு ஏறுவதற்கும்தான்.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. ரயில்வேயில் டிராக்ஷன் மோட்டாருக்கு இரண்டு திறன்கள் எழுதியிருக்கும்: தொடர்ந்து ஓடும் திறன், ஒரு மணி நேரத் திறன். கார் மோட்டார் விற்பவர்கள் பெரும்பாலும் கொட்டை எழுத்தில் போடுவது சில நொடிகளுக்கு மட்டும் தாங்கும் உச்சத் திறனை. வாங்குபவர் கேட்க வேண்டியது தொடர் திறனை. நம் காருக்கு அது 20 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். உச்சத் திறன் 70, 80 இருந்தால் பழைய எஞ்சினின் சுறுசுறுப்பு கிடைத்துவிடும்.

இரண்டாம் கணக்கு: பெட்ரோலும் பாட்டரியும்

ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி என்று தெரிய ஒரு சுருக்கு வழி உண்டு. நியூட்டனை 3.6 ஆல் வகுத்தால் போதும். 80இல் 92, 110இல் 142. மோட்டார், இன்வர்ட்டர், கியர், அச்சு ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால் பாட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது முறையே 115, 177. சராசரி 150 வாட்-மணி என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது பெட்ரோல். எம்.ஜி.பி. லிட்டருக்குச் சுமார் 9 கிலோமீட்டர் ஓடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி. நம் வீட்டு மீட்டர் கணக்கில் 9 யூனிட். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு முழு யூனிட்! மின்சாரத்தில் 0.15 யூனிட்டில் முடிகிற வேலைக்குப் பெட்ரோலில் ஒரு யூனிட் போகிறது. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் ஊருக்கு உபகாரம்.

அப்படியானால் மின்சாரம்தானே மேல் என்று முடிவு கட்ட வேண்டாம். எம்.ஜி.பி.யின் டேங்க் கொள்வது சுமார் 54 லிட்டர். எடை 40 கிலோ. அதில் 480 கிலோமீட்டர் போகலாம். பாட்டரிக்கு என் மருமகன் குறித்து வைத்திருப்பது, மோதிச் சேதமான நிஸான் லீஃப் காரிலிருந்து கழற்றிய பழைய பாட்டரி. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அந்த முதல் தலைமுறைக் காரில் 24 கிலோவாட்-மணி பாட்டரி இருந்தது. 48 பெட்டிகள், பெட்டி ஒன்று 3.8 கிலோ. பெட்டிகள் மட்டும் 182 கிலோ. வயதான பாட்டரி என்பதால் 18 யூனிட்தான் தேறும் என்று வைத்தேன். அதையும் அடிமட்டம் வரை வழித்து எடுக்கக் கூடாது. ஆகவே கைக்கு வரும் தூரம் சுமார் 110 கிலோமீட்டர். 40 கிலோ பெட்ரோல் 480 கிலோமீட்டர். 182 கிலோ பாட்டரி 110 கிலோமீட்டர். இதுதான் மின்காரின் ஜாதகம்.

மூன்றாம் கணக்கு: எடை எங்கே போய் உட்காருகிறது?

காரிலிருந்து வெளியே போவது: எஞ்சின் சுமார் 160 கிலோ, தண்ணீரோடு ரேடியேட்டர் 12, சைலன்சர் குழாய் 15, பெட்ரோலோடு டேங்க் 50. மொத்தம் ஏறக்குறைய 237. உள்ளே வருவது: லீஃப் மோட்டார் 58, இன்வர்ட்டர் 17, சார்ஜரும் துணைக் கருவிகளும் 15, பாட்டரி 182, அதற்கான இரும்புப் பெட்டிகளும் கேபிளும் 40. மொத்தம் 312. நிகரக் கூடுதல் 75 கிலோ. ஒரு ஆள் கூடுதலாக ஏறியதற்குச் சமம். இதற்கா பயம் என்று தோன்றும்.

கூட்டுத்தொகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. இடத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார், இன்வர்ட்டர், பாதிப் பாட்டரி ஆகியவற்றை வைத்தால் பழைய எடைதான் வரும். மீதிப் பாட்டரியும் சார்ஜரும் பின்னால் போகும்போது, 50 கிலோ இருந்த இடத்தில் 125 கிலோ உட்காருகிறது. அதாவது கூடுதல் எடை முழுவதும் பின்பக்கம். வாலில் எடை கட்டிய கார் திருப்பத்தில் ஒருமுறை வழுக்க ஆரம்பித்தால் எளிதில் நிற்காது. ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவதே திருப்பங்களுக்காகத்தானே!

எனவே பின் பாட்டரியை டேங்க் இருந்த இடத்தில், அதாவது பின் அச்சுக்குப் பின்னால், தொங்கவிடக் கூடாது. அது பின்னாலிருந்து மோதும் வண்டியின் முதல் அடியை வாங்கும் இடமும்கூட. இருக்கைக்குப் பின்னால், முடிந்தவரை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவர வேண்டும். பின் ஸ்பிரிங், அதிர்வுதாங்கி, பிரேக் மூன்றையும் புதிய எடைக்குத் தக்கபடி சரிபார்க்க வேண்டும். இன்னொன்றும் மறந்துவிடும்: பிரேக்குக்குத் துணைசெய்யும் சர்வோ பொருத்தியிருந்தால், அதற்கு வேண்டிய வெற்றிடத்தைத் தந்துகொண்டிருந்தது எஞ்சின். எஞ்சின் போனால் அதுவும் போகும். தனியாக ஒரு மின்சார வாக்குவம் பம்ப் வைத்தாக வேண்டும். இங்கிலாந்துக் குளிருக்கு ஹீட்டரும் அப்படியே.

பெட்டியைக் கட்டுவதிலும் கணக்கு உண்டு. மின்கார் பாட்டரிகளுக்கான ஐக்கிய நாடுகளின் 100ஆம் எண் விதிமுறையில், சிறு கார் பாட்டரியை நீளவாக்கில் 20 மடங்கு புவியீர்ப்பு அதிர்ச்சியில் சோதிக்கிறார்கள். 110 கிலோ பெட்டிக்கு 20 மடங்கு என்றால் 2,200 கிலோ விசை. தகர அடித்தட்டில் நான்கு போல்ட் போட்டு முறுக்கினால் மோதலில் பாட்டரி ஓட்டுபவரின் முதுகில் வந்து உட்காரும். உடலே சட்டம் என்று முன்பு சொன்னேன் அல்லவா? ஐம்பது வருஷத்து இங்கிலாந்து மழையில் அந்த உடலின் அடிப்பாகம் துருப்பிடித்திருந்தால் முதல் வேலை வெல்டிங்தான், மோட்டார் அப்புறம்.

மோட்டாரும் கியர் பாக்ஸும்

பழைய காலத்தில் இப்படி மாற்றியவர்கள் போர்க் லிப்ட் வண்டியின் டி.சி. சீரீஸ் மோட்டாரையும் ஈயப் பாட்டரியையும் வைத்தார்கள். அந்த மோட்டார் எனக்குப் பால்ய சிநேகிதன். இழுவைக்கு அருமையானது. ஆனால் சுமையில்லாமல் ஓடவிட்டால் கட்டுமீறி வேகமெடுத்து ஆர்மேச்சரே சிதறிவிடும். ஓட்டத்தில் மின்சாரத்தைத் திருப்பித் தருவதற்கும் சுலபத்தில் சம்மதிக்காது. இப்போது காந்தம் பதித்த ஏ.சி. மோட்டாரும் இன்வர்ட்டரும் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை. காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பாட்டரிக்கு மின்சாரம் தரும். ஆனால் எம்.ஜி.பி.யில் இந்தப் பிடிப்பு பின் சக்கரங்களில் மட்டும் விழும். ஈரச் சாலையில் அதிகமாகப் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். அளவைக் குறைத்தே வைக்க வேண்டும்.

பழைய எஞ்சினின் முறுக்கு விசை 149 நியூட்டன்-மீட்டர். அதுவும் 3,000 சுற்று வேகம் வந்த பிறகுதான். லீஃப் மோட்டார் 280 நியூட்டன்-மீட்டரை நின்ற நிலையிலேயே தரும். பழைய கியர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு முதல் கியரில் முழு வேகமாக மிதித்தால் பற்களும் பின் அச்சும் மன்னிக்காது. இன்வர்ட்டரின் அமைப்பிலேயே முறுக்கு விசைக்கு வரம்பு கட்ட வேண்டும். மோட்டாரையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் தட்டும் இணைப்பியும் கடைசலில் நுட்பமாகச் செய்ய வேண்டியவை. இரண்டு அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து, மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்குள் கொண்டுவர வேண்டும். இதில் சோம்பினால் ஆறே மாதத்தில் பேரிங் கத்தும்.

கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன்

இதுவரை சொன்னவை இரும்பு வேலை. பொறுமையும் கருவியும் உள்ள பையன் வீட்டு ஷெட்டில் செய்யலாம். இனி வருவது வேறு.

48 பெட்டிகளையும் தொடராக இணைத்தால் ஏறக்குறைய 400 வோல்ட் டி.சி. வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது; அதனால் சுவிட்சில் தோன்றும் தீப்பொறி தானே அணைய வழி உண்டு. டி.சி.யில் அந்தப் பூஜ்யம் இல்லை. பொறி வளைந்து நின்று எரியும். ஆகவே வீட்டு பியூஸும் வீட்டு சுவிட்சும் இங்கே உதவா. அந்த வோல்ட்டுக்கான டி.சி. பியூஸ், டி.சி. காண்டாக்டர் வேண்டும். பழைய 12 வோல்ட் போல ஒரு முனையைக் காரின் உடலோடு சேர்க்கவும் கூடாது. இரு முனைகளும் உடலைத் தொடாமல் தனித்திருக்க வேண்டும். அதை மெக்கர் வைத்துச் சோதிக்க வேண்டும். மோதல் நடந்தால் காண்டாக்டர் தானே திறந்துகொள்ள ஒரு சுவிட்ச் வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் கண்காணிக்கும் மின்னணுக் கருவி வேண்டும். 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலும், உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்தாலும் லித்தியம் செல் கெட்டுப்போகும், தீயும் பிடிக்கலாம்.

இன்வர்ட்டருக்குள் ஒரு பெரிய கபாசிட்டர் இருக்கிறது. பாட்டரியைப் பிரித்த பிறகும் அது மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். இதைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது.

பல வருஷங்களுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பணிமனையில் சோதனை மேடையில் ஒரு கன்வர்ட்டர் இருந்தது. சப்ளையை நிறுத்தினோம், பூட்டும் போட்டோம். வேலை செய்யலாம் என்று பெர்மிட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். கபாசிட்டர் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. "சப்ளைதான் இல்லையே" என்ற நினைப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்த பிட்டர் ஒருவர் ஸ்பானரை வைத்தார். ஒரு வெடிச் சத்தம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் ஓய்வு பெறும்வரை மடங்கவில்லை. விசாரணையில் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சாப் பார்த்துத்தான் கொடுத்தார்" என்றார். நான் பார்க்கவில்லை. கையெழுத்து என்னுடையது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. பிரி, பூட்டு, காத்திரு, அளந்து பார், அதன்பிறகு தொடு. இதில் 'அளந்து பார்' என்பதைத் தாண்டிச் செல்ல யாருக்கும் உரிமையில்லை. ஷெட்டில் தனியாக வேலை செய்யும் பையனுக்குப் பெர்மிட் எழுதித் தர ஆள் இல்லை. விபத்து நடந்தால் சுவிட்சை அணைக்கவும் ஆள் இல்லை.

லாபமா நஷ்டமா?

பணத்தைப் பார்ப்போம். 'பி' வரிசை எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு, தொழில்முறைப் பட்டறையில் மின்காராக மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். மாற்றும் செலவோ பெரும்பாலும் அந்தக் காரின் விலையையே தாண்டிவிடும். ஆகவே பணம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புகை? வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் 333 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் சுமார் 770 கிலோ கரியமிலவாயு. மின்சாரத்தில் சார்ஜ் இழப்பையும் சேர்த்து 500 யூனிட். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. அங்கே இந்த 500 யூனிட்டுக்கு 100 கிலோவுக்குள்தான் வரும். வருஷத்துக்கு 670 கிலோ மிச்சம். ஆனால் புதுப் பாட்டரி வாங்கினால் அதைச் செய்வதிலேயே ஒன்றிரண்டு டன் வெளியேறியிருக்கும். இரண்டு முதல் நான்கு வருஷம் ஓட்டித்தான் அந்தக் கடன் தீரும். பழைய பாட்டரி என்றால் அந்தக் கடன் முதல் காரின் கணக்கிலேயே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த வாதம் எடுபடாது. தினமும் ஓட்டுகிறவருக்கு எடுபடும்.

திரும்பி வர ஒரு வழி

பழைய கார் ஒரு சரித்திரச் சான்றும்கூட. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2019இல் இதுபற்றித் தன் நிலையை வெளியிட்டது. மோட்டாரும் பாட்டரியும் வைத்து மாற்றுவதைத் தாங்கள் ஊக்குவிக்க இயலாது என்றும், அப்படியும் செய்பவர்கள் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிற விதத்தில் செய்து, கழற்றிய பாகங்களை அடையாளமிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. ஜாகுவார் நிறுவனம் 2017இல் காட்டிய மின்சார ஈ-டைப் காரும் இந்த வழியில்தான் அமைந்தது. 1968ஆம் ஆண்டுக் கார் அது. பழைய எஞ்சின் இருந்த இடத்தில், அதே அளவும் ஏறக்குறைய அதே எடையும் கொண்ட 40 கிலோவாட்-மணி பாட்டரி. கியர் பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். உடலில் வெட்டு ஒட்டு இல்லை. மொத்த எடை பழைய காரைவிட 46 கிலோ குறைவு. எடையை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள்! 2018 மே மாதம் இளவரசர் ஹாரி தம் திருமணத்தன்று மனைவியை அழைத்துச் சென்றது இந்தக் காரில்தான்.

நம் நாட்டில் அம்பாஸிடரை இப்படி மாற்ற நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சொந்தத் தயாரிப்புக்கு இடமில்லை. ஏ.ஐ.எஸ். 123 என்னும் தர விதிப்படி அங்கீகாரம் பெற்ற சாதனத்தை, அதற்கு உரிமை பெற்றவர் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்திலும் எரிபொருளை மாற்றிப் பதிய வேண்டும்.

என் பதில்

ஒரு வாரம் கழித்து மருமகனிடம் இந்தக் கணக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். பிறகு சொன்னேன்: "பணத்துக்காக என்றால் செய்யாதே, எஞ்சினைப் புதுப்பி. தினமும் ஆபீசுக்கு அதிலேயே போகப் போகிறாய் என்றால் செய். ஆனால் மூன்று நிபந்தனைகள். துருவும் பிரேக்கும் முதலில். 400 வோல்ட் வேலையைப் பயிற்சி பெற்றவன் கையில் கொடு. பக்கத்தில் நின்று பார். உடலில் ஒரு துளைகூடத் திரும்ப அடைக்க முடியாதபடி போடாதே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஆபீஸ் போகவர 30 கிலோமீட்டர், மாமா. உங்கள் 110இல் அடங்கிவிடும்" என்றான். பிறகு, "அந்தப் பிட்டர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டான். சொன்னேன். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதையும் சொன்னேன்.

இந்த மாதம் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறான். காரின் அடிப்பாகம் புது வெல்டிங்கோடு கவிழ்த்து நிற்கிறது. மோட்டார் இன்னும் வரவில்லை. ஷெட்டின் மூலையில் மரப்பலகைமேல் பழைய எஞ்சின், ஆயில் பூசி, பிளக் துளைகளை அடைத்து, தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது. கழற்றிய பாகம் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டில் எண்ணும் தேதியும் அவன் கையெழுத்தும்.